ஸ்பானிஷில் ‘பேசட்டும்’ என்று சொல்வது எப்படி

நான் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் மக்ரூனும் டீயும் கொடுத்தார்கள். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் என் மேஜைப் பக்கம் வந்தார்கள்.

“மேடம், இப்போ போனே எல்லா பாஷையும் பேசிருதே. இனிமே யாரும் ஸ்பானிஷ் படிக்க வேண்டாம்லா?” என்றாள் ஒருத்தி.

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட தொழிலை, மாலை வாடுவதற்குள் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் வராது? பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற முத்துச்செல்வம் சிரித்துவிட்டான். அவன் சாத்தான்குளத்துக்காரன், கப்பலுக்குப் போய்வரும் வேலை பார்ப்பவன், என்னிடம் சண்டை போட்டே பழகியவன்.

“அக்கா, அந்த சமையக்காரர் கதைய இவங்களுக்குச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க” என்றான்.

அன்றைக்கு நேரமில்லை. வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா பெரைரா. எங்கள் கடற்கரையில் பெரைராவும் கொரேராவும் மச்சாதோவும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பெயர்கள். மற்றபடி எங்களுக்கும் அந்த நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஒரு கப்பல் வருவதற்கு முன்பிருந்து திரும்பிப் போகும்வரை அதற்கு வேண்டியதையெல்லாம் கரையிலிருந்து செய்து கொடுப்பது ஏஜென்சி வேலை. தண்ணீர், காய்கறி, சுங்கம், ஆஸ்பத்திரி, சில சமயம் கல்லறை என்று எதுவும் எங்கள் தலையில்தான் வந்து விழும்.

தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து தேக்குத் தடி ஏற்றிய கப்பல்கள் வரத் தொடங்கிய காலம் அது. அதில் சில கப்பல்களில் மாலுமிகளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு ஒன்றும் ஓடாது. யாராவது ஒருவர் அந்த மொழியைப் படிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். மேனேஜர் ஹமீது காக்கா என்னைக் கூப்பிட்டார். அவர் காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் காக்காதான்.

“பிள்ள, உங்க பேருல பாதி அந்தப் பக்கத்துப் பேருதானே? மிச்சத்தையும் படிச்சிருங்க” என்றார்.

அம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏளா, கப்பக்காரன்கிட்ட பேசுறதுக்கா உன்ன கான்வென்ட்ல படிக்க வச்சேன்?” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ச்சொற்கள் சுலபமாக வந்தன. மேசையை அவர்கள் மேசா என்கிறார்கள். காலில் போடும் சப்பாத்தை சப்பாத்தோ என்கிறார்கள். எங்கள் வீட்டுச் சமையற்கட்டான குசினி அங்கே கொசினா. பாதிச் சாமான்கள் ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருந்தன என்று வாத்தியாரிடம் சொல்லிச் சிரிப்பேன். வீட்டுச் சாமான் அதது இடத்தில் சும்மா இருக்கும்வரை எனக்குப் பிரச்சினை இல்லை. ஆள் ஒருவர் உள்ளே வந்து ஏதாவது செய்ய ஆரம்பித்தால்தான் தொந்தரவு.

அதிலும் ஒரு தொந்தரவு தனி ரகம். நடப்பதைச் சொல்ல ஒரு வினை, நடக்கவேண்டும் என்று சொல்ல இன்னொரு வினை. ‘பேசுகிறான்’ என்பது ஆப்லா. ‘பேசட்டும்’ என்பது ஆப்லே. ‘சாப்பிடுகிறான்’ என்பது கோமே. ‘சாப்பிடட்டும்’ என்பது கோமா. ‘வாழ்கிறான்’ என்பது வீவே. ‘வாழட்டும்’ என்பது வீவா. கவனித்தீர்களா? ‘அ’வில் முடிவது ‘எ’ ஆகிவிடுகிறது. ‘எ’யில் முடிவது ‘அ’ ஆகிவிடுகிறது. ஒழுங்கான வினைகளுக்கு விதி அவ்வளவுதான். நாம் ‘பேசுகிறான்’ என்பதைப் ‘பேசட்டும்’ ஆக்கினால் வாலே மாறிப்போகும். காது கேளாதவருக்கும் வித்தியாசம் தெரியும். அவர்கள் கடைசி உயிரெழுத்தை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடுகிறார்கள்.

ஆசைப்படுகிறேன், கேட்டுக்கொள்கிறேன், பயப்படுகிறேன், நம்பவில்லை என்று எது சொன்னாலும் அதன் பின்னால் ‘கே’ என்று ஒரு சொல் வரும். நம்முடைய ‘என்று’ மாதிரி. அதற்குப் பிறகு வருகிற வினையில் இந்த மாற்றம் நடக்கும். எழுத்துப் பரீட்சையில் நான் எல்லாம் சரியாக எழுதினேன். வாத்தியார் பாராட்டினார். தூத்துக்குடிக்கு வந்து முதல் கப்பலிலேயே மானம் போயிற்று.

கப்பல் துறையில் கட்டியாகிவிட்டது. சுங்க அதிகாரி ஒருவர் ஏணிப்படியின் அடியில் வெயிலில் நிற்கிறார். நான் மேல்தளத்தில் நிற்கிறேன். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட், கேப்டன் அறையிலிருந்து வந்து என்னிடம், “எல் கப்பித்தான் தீசே கே எஸ்பேரே” என்றார். ‘கேப்டன் சொல்கிறார், அவர் காத்திருக்கட்டும்’ என்று பொருள். வந்தவர் கொஞ்சம் பொறுக்கட்டும் என்கிறார் கேப்டன். என் காதில் விழுந்ததோ ‘எஸ்பேரா’. ‘கேப்டன் காத்திருப்பதாகச் சொல்கிறார்.’ நான் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஸார், கேப்டன் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காவ, சீக்கிரம் வாங்க!” என்று கூவினேன்.

பாவம், அவர் கனத்த உடம்புக்காரர். மூச்சு வாங்க ஏறி வந்து, கதவைத் தட்டிவிட்டு நேராக உள்ளே போய்விட்டார். உள்ளே கேப்டன் இடுப்பில் துவாலையும் முகத்தில் சோப்பு நுரையுமாக நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

“தங்கச்சி, காத்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னீங்களே?” என்றார் அதிகாரி.

நான் ஸ்பானிஷையும் மறந்தேன், தமிழையும் மறந்தேன்.

தமிழர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது என்று பிறகு தோன்றியது. நம் காது வாக்கியத்தின் கடைசியில் ஒரு முழு வினைமுற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ‘றான்’ என்றோ ‘ட்டும்’ என்றோ கனமாக ஒன்று வந்து விழ வேண்டும். ஒரு சின்ன ‘எ’ வந்தால் அதைப் பொருட்படுத்தாது. வெட்கம் போகச் சில நாள் ஆனது. காக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்தார்.

கப்பலிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தால், அதைத் தமிழில் முழுசாக, வினைமுற்றுவரை சொல்ல வேண்டும். பாதியில் விழுங்கக் கூடாது. காக்கா பேனாவை மூடியோடு கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ‘கேப்டன், தண்ணீர்ப் படகு, நாளைக் காலை’ என்று அடுக்கிக்கொண்டே போனால் அசைய மாட்டார். வினை வந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவார். எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

“பிள்ள, இது சேதியா, ஆசையா?”

தண்ணீர்ப் படகு வருகிறது என்றால் சேதி. தண்ணீர்ப் படகு வரட்டும் என்றால் ஆசை. சேதி என்றால் அப்படியே எழுதிக்கொள்வார். ஆசை என்றால், “யாருக்கு ஆசை? யாரு செய்யணுமாம்?” என்று கேட்பார். பிறகு என்னைத் திரும்ப வயர்லெஸ்ஸுக்கு அனுப்பி, நான் புரிந்துகொண்டதை ஸ்பானிஷிலேயே அவர்களிடம் கேட்கச் சொல்வார். ‘படகு வர வேண்டும் என்று விரும்புகிறீர்களா?’ அங்கிருந்து ஆமாம் என்று வந்தால்தான் காகிதத்தில் ஏறும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கப்பல்காரர்களுக்கும் எரிச்சல்தான். ‘இந்தப் பெரைரா எதையும் இரண்டு தடவை கேட்பாள்’ என்று பெயர் வந்துவிட்டது.

ஒருமுறை தடி இறக்கிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து மேட் “கே நோ பாஹேன்” என்று கத்தினார். ‘இறக்க வேண்டாம்’ என்பதுதான் அது. கேட்ட மாத்திரத்தில் என் வாய் தானாக, “இறக்காதீங்க, நிறுத்துங்க” என்று கிரேன்காரரிடம் சொல்லிவிட்டது. தடி அந்தரத்தில் நின்றது. கீழே ஓர் ஆள் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். காக்காவின் கேள்வியை இத்தனை நாள் வாயால் கேட்டுக்கேட்டு, அது காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் நானே போய் அவரிடம் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். இப்படி இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பேனாவைக் கையில் எடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஓஹாலா’ என்று ஒரு சொல் ஸ்பானிஷில் உண்டு. ‘அப்படி நடக்கட்டுமே’ என்று ஏங்கிச் சொல்வது. அதன் பின்னால் எப்போதும் இந்த ஆசை வினைதான் வரும். அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போன சொல் என்றும், இறைவன் நாடினால் என்பதுதான் அதன் பழைய பொருள் என்றும் வாத்தியார் சொல்லியிருந்தார். இதைக் காக்காவிடம் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றிவைத்துவிட்டு என்னையே பார்த்தார். “அவங்களுக்கும் நாங்கதான் சொல்லிக்குடுத்தோமா?” என்று குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு எந்தக் கேப்டன் வந்தாலும் அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் சொல்லாக ‘ஓஹாலா’வைச் சொல்லிக் கைகுலுக்குவார். அதில் சில கேப்டன்கள், அவருக்கு முழு ஸ்பானிஷும் தெரியும் என்று நினைத்துப் பொழிந்து தள்ளிவிடுவார்கள். அப்புறம் நான் ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டும்.

காலம் ஓடியது. காக்கா ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். மாலுமிகள் ஓரளவு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்கள். பிறகு போன் வந்தது. போனுக்குள் மொழிபெயர்ப்பும் வந்தது. முத்துச்செல்வம் அதை வைத்துக்கொண்டு கப்பலில் தக்காளி விலை முதல் குடும்பக் கதை வரை பேசிவிட்டு வருவான். எனக்கு வேலை குறைந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்ப்பது, முத்துச்செல்வத்தைத் திட்டுவது என்று என் கடைசி வருஷம் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. தேக்குக் கப்பல் ஒன்றின் சமையல்காரர் குசினியிலேயே விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று மத்தியானமே சொல்லியிருந்தான். இப்போது குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

“அக்கா, உடனே வாங்க. அந்தம்மா டாக்டரச் சாப்பிடச் சொல்லுதாவ.”

“எந்தம்மா?”

“சமையக்காரரு வீட்டம்மா. வீடியோவுல இருக்காவ. ஆபரேஷன் செய்யலாமான்னு கேட்டா, ‘பேசாதீங்க, சாப்பிடுங்க, வாழுங்க’ன்னு போன் சொல்லுது. டாக்டர் என்னையப் பாக்காரு. நான் போனைப் பாக்கேன்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஆட்டோக்காரரைத்தான் விரட்டிக்கொண்டு போனேன்.

சமையல்காரர் பெயர் ரமிரோ. தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுக்காரர். உள்ளே கண் மூடிக் கிடந்தார். தலைமாட்டில் இயந்திரங்கள் ஓடின. வெளியே டாக்டரும் முத்துச்செல்வமும் நின்றார்கள். போனில் மரிசோல் என்ற அவர் மனைவி. அங்கே அப்போது காலை. தலை சீவாமல், அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். போன் இல்லாவிட்டால் அந்த முகத்தையே பார்த்திருக்க முடியாது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

டாக்டர் நிதானமானவர். என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “மூளையில இடது பக்கம் ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் செஞ்சா பிழைக்க வாய்ப்பு இருக்கு. செய்யாட்டா எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா பிழைச்சாலும் பேச்சு திரும்ப வரும்னு நான் சொல்ல முடியாது. வலது கையும் அப்படித்தான். இதெல்லாம் புரிஞ்சு அவங்க சொல்லணும். கேப்டன் கையெழுத்து போட்டுட்டாரு. ஆனா மனைவி இருக்காங்க, அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் நான் கத்தி எடுப்பேன். நேரம் அதிகம் இல்ல.”

நான் ஒவ்வொரு வாக்கியமாக மரிசோலிடம் சொன்னேன். ‘பேச்சு வராமல் போகலாம்’ என்ற இடத்துக்கு வந்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, முன்பு சொன்னதையே திரும்பவும் சொன்னாள்.

“சி நோ ஆப்லா, கே நோ ஆப்லே. கே கோமா. கே வீவா.”

பேசு, சாப்பிடு, வாழ். எல்லா ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகத்திலும் மாதிரிக்கு வைத்திருக்கும் வினைகள் இந்த மூன்றுதான். வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் ராகம் போட்டு ஒப்பித்தது. அதே வரிசையில் ஒரு மனைவி சொல்லிக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

போன் ஏன் தடுமாறியது என்றும் புரிந்தது. ஸ்பானிஷில் ‘அவர்’ என்பதற்கும் மரியாதையான ‘நீங்கள்’ என்பதற்கும் வினை ஒன்றுதான். ‘அவர் சாப்பிடட்டும்’ என்றாலும் கோமா. ‘நீங்கள் சாப்பிடுங்கள்’ என்றாலும் கோமா. யாரைப் பற்றிய ஆசை என்று அந்த அறையில் நின்றவருக்குத்தான் தெரியும். போனுக்கு அறையும் தெரியாது, உள்ளே கிடந்தவரையும் தெரியாது. அதனால் எதிரே நின்ற டாக்டரைச் சாப்பிடச் சொல்லிவிட்டது.

“என்ன சொல்லுதாங்க?” என்றார் டாக்டர்.

“பேச்சு வராட்டா வராம போகட்டும். சாப்பிடட்டும். உசுரோட இருக்கட்டும்” என்றேன்.

முத்துச்செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அப்போ சம்மதம்னு எடுத்துக்கலாமா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது ஆசை. கணவர் பிழைக்க வேண்டும் என்ற ஆசை. கத்தி வைக்கட்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. கத்தியே இல்லாமல் பிழைக்கட்டும் என்று அவள் நினைத்திருந்தால்? யாரும் அப்படித்தானே நினைப்பார்கள். “ஒரு நிமிஷம், சார்” என்று டாக்டரை நிறுத்திவிட்டு அவளிடம் நேராகக் கேட்டேன்.

“மரிசோல், அவருக்கு ஆபரேஷன் செய்யட்டும் என்று விரும்புகிறீர்களா? கியேரே கே லோ ஓபெரேன்?”

இணைப்பு இரைந்தது. அவள் உதடு அசைந்தது; ஓபெரானா, ஓபெரேனா என்று எனக்குக் கேட்கவில்லை. ஓபெரான் என்றால் ‘ஆபரேஷன் செய்கிறார்களாமே’ என்று என்னையே அவள் கேட்பதாக ஆகிவிடும். திரும்பக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. திரையருகே முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வோர் எழுத்தாக, அடித்துச் சொல்வதுபோல் கத்தினாள்.

“கியேரோ கே லோ ஓபெரேன்! யா!”

‘ஆபரேஷன் செய்யட்டும், அதுதான் என் விருப்பம், இப்போதே.’ அந்த ‘எ’ ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துவிட்டார். கப்பல் போக வேண்டிய நாளில் போய்விட்டது. ரமிரோ எங்கள் ஊரில் தங்கிவிட்டார். செய்தி எப்படியோ காயல்பட்டினம் வரை போய், காக்கா போன் செய்தார்.

“பிள்ள, திருப்பிக் கேட்டீங்களா?”

“கேட்டேன் காக்கா. திட்டு வாங்கினேன்.”

“திட்டு வாங்கினாத்தான் சரியா கேட்டோம்னு அர்த்தம்” என்றார். பேரப்பிள்ளை ஒருத்தன் பக்கத்தில் எதற்கோ அழுதுகொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த வாரங்கள் நீளமானவை. ரமிரோ கண் திறந்தார். ஆட்களை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையை அசைத்தார். பேச்சு மட்டும் வரவில்லை. பேச வைக்க ஒரு பெண் வந்து பயிற்சி கொடுத்தாள், ஓசை வரவில்லை. முத்துச்செல்வம் தினமும் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, தமிழிலேயே ஊர்க்கதை பேசிவிட்டு வருவான். நான் சாயங்காலம் போவேன். மரிசோல் கூப்பிடுவாள். அவர் காதருகே போனை வைப்பேன். அவர் தூங்கட்டும், பயப்படாமல் இருக்கட்டும், கையை அசைக்கட்டும், நல்லா இருக்கட்டும், வீட்டுக்குத் திரும்பட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். நானும் அதையே திரும்பச் சொல்வேன். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த நாட்களில் நடந்த பேச்சு முழுக்க ‘ட்டும்’தான். அவளிடம் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. சில நாள் போனை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கஞ்சி அவருக்கு இறங்கவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோனேன். ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் குழைவாகச் சோறும் பருப்பும், முள் எடுத்த விளமீனும் கொண்டுபோனேன். என் சமையலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு; எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. ஒரு கரண்டி ஊட்டினேன். மென்றார். விழுங்கினார். அடுத்த கரண்டியை நீட்டினேன். வாயைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். தொண்டையில் ஏதோ உருண்டது. சிக்கிக்கொண்டதோ என்று பயந்து தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

“ஃபால்தா சால்” என்றார்.

கரகரப்பாக, பாதி எழுத்து உள்ளேயே நின்றுபோய் வந்தது. ஆனால் தெளிவாகத்தான் வந்தது. உப்புப் பத்தாது என்கிறார். ஊரைச் சுற்றி உப்பளமாக இருக்கும் தூத்துக்குடியில் வந்து படுத்துக்கொண்டு, பெரைரா வீட்டுச் சமையலில் உப்பு இல்லை என்கிறார்! எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்தது கோபம்தான். அதற்குப் பிறகுதான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். முத்துச்செல்வம் ஓடிவந்து என்னைப் பார்த்து, ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடப் போய்விட்டான்.

மரிசோலைக் கூப்பிட்டேன். அவள் எப்போதும்போல, “எப்படி இருக்கிறார்?” என்றாள்.

“ஆப்லா” என்றேன்.

“ஆமாம், பெரைரா, ஆமாம். கே ஆப்லே, கே ஆப்லே, கடவுளே” என்று அவள் வழக்கமான பாட்டைத் தொடங்கினாள். நான் தினமும் சொல்கிற ஆசையைத்தான் இன்றும் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“இல்லை மரிசோல். ஆப்லே இல்லை. ஆப்லா. பேசட்டும் இல்லை. பேசுகிறார்.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிக மெதுவாக, “என்ன பேசினார்?” என்று கேட்டாள்.

“என் சாப்பாட்டில் உப்பு பத்தாதாம்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்த ஒரு சத்தம் வந்தது. பிறகு முந்தானை மாதிரி எதையோ எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சமையலைத் தின்றுவிட்டு அதையேதான் சொல்கிறார்” என்றாள். “அது ரமிரோதான்.”